பின்னணியைக் கழித்த பிறகு

கதிரியக்கத்தை எண்ணும் கருவியின் எதிரில் எதையும் வைக்காவிட்டாலும் அது எண்ணிக்கொண்டேதான் இருக்கும். வானத்திலிருந்து இறங்கும் காஸ்மிக் கதிர், சுவரின் செங்கல், பக்கத்தில் நிற்பவரின் உடம்பிலுள்ள பொட்டாசியம்-40 என்று எல்லாம் சேர்ந்து அதைத் தட்டும். மும்பையின் டிராம்பே அணு ஆய்வுக்கூடங்களில் சேர்கிறவர்களின் ஆரம்பப் பாடங்களில் இது ஒன்று. முதலில் வெறும் கருவியை ஓடவிட்டு எண்ண வேண்டும். பிறகு மாதிரியை வைத்து எண்ண வேண்டும். பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க வேண்டும். பின்னணி நிமிடத்துக்கு 100 என்றால், அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு அது தானாகவே ஏறும், இறங்கும். மாதிரியை வைத்தபின் 108 வந்தால் அந்த எட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னால், அறிக்கை திரும்பி வரும்.

இந்த ஒழுக்கத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர்கள் குடியிருக்கும் இடம் அணுசக்தி நகர். டிராம்பே குன்றுகளுக்கு இப்பால், மான்குர்துக்கும் தேவ்னாருக்கும் அருகே, மரங்கள் சூழ்ந்த குடியிருப்பு. 1954இல் டிராம்பே அணுசக்தி நிலையமாகத் தொடங்கி 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் ஊழியர்களுக்காக எழுந்தது. எண்ணும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் தாங்களே செய்து பழகிய மின்னணுப் பிரிவு ஒன்று அந்த நிறுவனத்தில் வளர்ந்தது. அதை வளர்த்த ஏ. எஸ். ராவ் 1967இல் ஹைதராபாத்தில் ஈசிஐஎல் நிறுவனத்தைத் தொடங்கினார். எழுபதுகளில் பல வீடுகளில் இருந்த ‘ஈசி’ டிவி அங்கிருந்து வந்ததுதான். ஆகவே இரைச்சல், துல்லியம், பிழை என்ற சொற்கள் இந்த வட்டாரத்துக்கு அந்நியமானவை அல்ல.

இங்கேயும், பக்கத்தில் செம்பூரிலும், கொஞ்சம் தள்ளி மாட்டுங்காவிலும், சங்கீதம் கேட்கிற தமிழர்களிடையே இப்போது ஒரு வாதம் நடக்கிறது. டிஏசி சிப்புகளுக்குள் ஒலி வித்தியாசம் உண்டா? ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர்களுக்குள் உண்டா? ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் பாட்டு வெறும் எண்களின் வரிசை. அதை மின்னழுத்தமாக மாற்றுவது டிஏசி. அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்ஃபோனை அசைக்கும் வலுவைக் கொடுப்பது ஆம்ப். ஜப்பானிய ஏகேஎம் சிப் மென்மையானது, அமெரிக்க இஎஸ்எஸ் சிப் கூர்மையானது, பழைய பிலிப்ஸ் டிடிஏ1541 சிப்பில் உயிர் இருந்தது என்றெல்லாம் சொல்கிறார்கள். ஃபோனில் செருகும் ஆயிரம் ரூபாய் டாங்கிளும் ஒரு லட்ச ரூபாய் பெட்டியும் இந்த வாதத்தில் எதிரெதிரே நிற்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக வடிவமைத்த இரண்டு டிஏசிகளை ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று தெரியாமல் கேட்டால், மனிதக் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆம்ப் விஷயம் அப்படியல்ல. அங்கே வித்தியாசம் வரும் இடங்கள் உண்டு. அவை எவை என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லவும் முடியும்.

சிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். 1982இல் வந்த சிடி ஒவ்வொரு நொடியையும் 44,100 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. அதனால் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி முழுவதும் அடங்கிவிடுகிறது. மிக உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. இன்றைய நல்ல சிப்பில் இந்த இடைவெளி 115, 120 என்று போகிறது. ஹெட்ஃபோனில் உச்சமாக 100 டெசிபல் வரும்படி கேட்கிறீர்கள் என்று வையுங்கள். சிப்பின் இரைச்சல் அதற்குக் கீழே 115. அதாவது மைனஸ் 15 டெசிபல். ஆரோக்கியமான இளங்காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியே 0 டெசிபலை ஒட்டியதுதான். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குறித்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவில் 45. மின்விசிறி ஓடும் அறையில் சுமார் 40 இருக்கும். இரண்டு நல்ல சிப்புகள் வேறுபடுவது அந்த அடிமட்டத்தில். விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஊரே உறங்கினாலும் அந்த மட்டத்துக்குக் காது இறங்காது.

அப்படியானால் கேட்டதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? கிடையாது. அவர்களுக்கு வித்தியாசம் கேட்கத்தான் செய்கிறது. அதை நான் துளியும் சந்தேகிக்கவில்லை. ஆனால் எதிரில் ஒன்றும் இல்லாதபோதும் எண்ணும் கருவியைப் போலத்தான் நம் கேள்விப்புலனும். அதற்கும் ஒரு பின்னணி எண்ணிக்கை உண்டு. பெட்டியின் எடை, விலை, முகப்பு விளக்கு, நண்பரின் சிபாரிசு, இரண்டாம் முறை கேட்கையில் கூடும் கவனம் எல்லாம் அந்தப் பின்னணியில் சேரும். ஏகேஎம் நிறுவனமே தன் சிப்புகளுக்கு ‘வெல்வெட் சவுண்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் படித்தபின் மென்மை கேட்காமல் இருப்பது கடினம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணலால் பின்னணிக் கதிர்வீச்சே உயர்ந்திருக்கும். அங்கே அளப்பவர் இன்னும் அதிகமாகக் கழிக்க வேண்டும். ஒலிக் கருவிகளைப் பற்றி நிறையப் படித்தவரும் அப்படியொரு கடற்கரையில்தான் நிற்கிறார். படிக்கப் படிக்கத் தம் காது கூர்மையாவதாக அவர் நினைக்கிறார். கூடவே பின்னணியும் ஏறிக்கொண்டு போவது அவருக்குத் தெரிவதில்லை.

ஒலி அளவு தனிக் கதை. ஒரு பெட்டி 2 வோல்ட் தரும், இன்னொன்று 1 வோல்ட் தரும். இரண்டுக்கும் 6 டெசிபல் வித்தியாசம். இதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்து சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கால் டெசிபல் கூடியிருந்தால் ‘சத்தம் கூடுதல்’ என்று நமக்குத் தோன்றாது. ‘தெளிவு கூடுதல்’, ‘குரல் முன்னால் வருகிறது’ என்று தோன்றும். ஒலியின் நுண்விவரங்கள் நினைவில் தங்குவதும் சில நொடிகள்தான். ஒரு பெட்டியைக் கழற்றி அடுத்ததை மாட்டும் நேரத்தில் ஒப்பிட வேண்டிய ஒலி மனதிலிருந்து போய்விடுகிறது. மிஞ்சுவது அதைப் பற்றி நாம் வைத்திருந்த அபிப்பிராயம்.

கழிக்கும் வழி தெரியாததல்ல. 1950இலேயே மன்சன், கார்ட்னர் என்ற இருவர் பெல் ஆய்வகத்தில் ஏ, பி, எக்ஸ் என்று மூன்று ஒலிகளை வைத்துச் சோதிக்கும் முறையை விவரித்துவிட்டார்கள். எக்ஸ் என்பது ஏ-யா பி-யா என்று கேட்பவர் சொல்ல வேண்டும். பெயர் தெரியாது, கை மட்டும் ஸ்விட்சில் இருக்கும். 2007இல் பிராட் மேயர், டேவிட் மொரான் இருவரும் பாஸ்டன் வட்டாரத்தில் நடத்திய சோதனை இந்த வரிசையில் முக்கியமானது. உயர்தர வடிவத்தில் பதிவான இசையை நேராகவும், நடுவில் 16 பிட் சிடி தரத்துக்கு இறக்கித் திரும்ப ஏற்றியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டியிருந்தாலும் அதே பாதிதான் வந்திருக்கும். அந்தச் சோதனையில் ஒலி ஒரு சிப்பைக் கூடுதலாகத் தாண்டியது மட்டுமல்ல, முழுதாக ஒருமுறை எண்ணாகி மீண்டும் அலையானது. அதுவே தெரியவில்லை.

மறுபக்கச் சாட்சியையும் சொல்ல வேண்டும். 2016இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், இதுபோன்ற 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். 12,000க்கு மேற்பட்ட முறை கேட்டதில் சரியான விடை 52.3 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிடம் இது இன்னும் கூடியது. புள்ளியியல்படி இது பூஜ்யம் அல்ல. ஆனால் இந்தத் துளி வித்தியாசமும் பதிவு வடிவத்தைப் பற்றியது, சிப்பைப் பற்றியது அல்ல. ‘முதல் நொடியிலேயே திரை விலகியது’ என்று கடைகளில் பேசப்படும் அனுபவத்துக்கு இதை ஆதாரமாகக் காட்டுவது நியாயமாகாது.

பெயர் தெரியாமல் கேட்கச் சொன்னால் சிலர் மனம் புண்படுகிறது. ‘என் காதை நம்பவில்லையா?’ என்கிறார்கள். அகில இந்திய வானொலியின் ஆடிஷனில் பாடியவர் பெயர் தெரியாமல், எண்ணை மட்டும் வைத்துப் பதிவைக் கேட்டு மதிப்பிடும் வழக்கம் உண்டு. மதிப்பிட உட்காரும் வித்வான்களின் ஞானத்தை யாரும் சந்தேகப்பட்டதால் வந்த ஏற்பாடா அது? அவர்களுடைய தீர்ப்புக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காக வந்தது. நம் மரபில் இடமுள்ள ஒரு நேர்மையைத்தான் பெட்டிகளுக்கும் கேட்கிறோம்.

சங்கீதக் காது உண்மையிலேயே கூர்மையானது. அதனால்தான் இந்த விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஷண்முகானந்தா அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு மிருதங்கம் சுருதியிலிருந்து அரைக்கால் இறங்கியிருக்கிறது என்று முணுமுணுக்கும் மாமாக்களை எனக்குத் தெரியும். வித்வான் அடுத்த நிமிடம் கல்லை எடுத்து வலந்தலையின் ஓரத்தில் தட்டுவார். சுருதியைப் பொறுத்தவரை, பயிற்சியுள்ள காது ஸ்வரத்தின் மிகச் சிறிய பிசகையும் கண்டுகொள்ளும். அது எத்தனையோ ஆய்வுகளில் நிலைபெற்ற விஷயம். ஆனால் சுருதியில் கூர்மை இருப்பதால் இரைச்சலின் அடிமட்டத்திலும் கூர்மை இருக்கும் என்று ஆகிவிடாது. அறுபதைக் கடந்த காது 12,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அநேகமாக எதையும் கேட்பதில்லை. அதே காது ஒரு தோடியின் காந்தாரத்தை இருபது வயதுக் காதைவிட நன்றாக அறியும்.

கேட்டதையும் அளந்ததையும் சேர்த்து வைப்பதற்கு நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். சி. வி. ராமன் 1920இல் மிருதங்கம், தபலா இவற்றின் தோலில் நடுவே ஏற்றும் கரணை, மேல் ஸ்வரங்களை ஒழுங்கான மடங்குகளாக்குகிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு தம்பூராவை எடுத்தார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேல் ஸ்வரம் எழக்கூடாது என்று ஐரோப்பிய விதி சொன்னதோ, அந்த மேல் ஸ்வரம் தம்பூராவில் கணீரென்று கேட்டது. வளைந்த குதிரையும் அதன்மேல் வைக்கும் நூலும் அதற்குக் காரணம் என்று காட்டினார். தம்பூராவின் ஜீவனைப் பற்றிப் பாடகர்கள் சொல்லி வந்தது சரி என்று அளவை சொன்னது. காது சொன்னதை அளவை உறுதி செய்த இடம் அது. ஆகவே அளப்பவர்கள் ரசனைக்கு எதிரிகள் என்று பேசுவது நம் வரலாற்றுக்கே பொருந்தாத பேச்சு.

இனி ஆம்ப். இங்கே காது சரியாகச் சொல்லும் இடங்கள் உண்டு.

முதலாவது, வெளியீட்டு இம்பீடன்ஸ். ஆம்ப்பின் உள்ளேயே ஒரு மின்தடை இருப்பதாகக் கொள்ளுங்கள். ஹெட்ஃபோனின் தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. அப்படி இருப்பதில்லை. 1997இல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் எச்டி 600 பெயருக்கு 300 ஓம். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அருகே 500க்கு மேல் ஏறிவிடும். 120 ஓம் வெளியீடு கொண்ட பழைய ஆம்ப்பில் அதை மாட்டினால், 300 ஓம் உள்ள இடத்தில் ஏறக்குறைய 3 டெசிபல் இழப்பு, 500 உள்ள இடத்தில் 2க்கும் குறைவு. ஆக, தாழ்ந்த ஸ்வரங்கள் சுமார் 1 டெசிபல் தூக்கலாக வரும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் பருத்துக் கேட்கும். வால்வு ஆம்ப்பில் ‘கதகதப்பு’ இருக்கிறது என்பார்களே, அதில் ஒரு பங்கு இதுதான். இன்னொரு பங்கு வால்வு சேர்க்கும் இரண்டாம் மடங்கு ஒலி. அதை விரும்புவது அவரவர் உரிமை.

காதுக்குள் செருகும் சில இயர்ஃபோன்களில் இது இன்னும் மோசம். ஆர்மேச்சர் என்ற சின்னஞ்சிறு ஒலிப்பான்கள் பலவற்றை வைத்துக் கட்டிய இயர்ஃபோனில் தடை ஓரிடத்தில் 10 ஓம், வேறிடத்தில் 40 ஓம் என்று அலையலாம். 10 ஓம் வெளியீடுள்ள ஆம்ப்பில் அந்த இரண்டு இடங்களுக்கும் 4 டெசிபல் வித்தியாசம் விழும். அரை ஓம் உள்ள ஆம்ப்பில் 0.3 டெசிபலை ஒட்டி நிற்கும். அதே பாடகரின் குரல் இரண்டு ஆம்ப்பிலும் வேறு வேறு ஆளாகக் கேட்கும். இந்த அனுபவத்தைச் சொல்கிறவரைப் ‘பிரமை’ என்று ஒதுக்குகிற அளவைப் பிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் தவறு. ஆம்ப்பின் தடை, ஹெட்ஃபோனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது, இரைச்சல். கூர்ந்த இயர்ஃபோனைப் பெரிய ஹெட்ஃபோனுக்கான ஆம்ப்பில் செருகினால் பாட்டு தொடங்கும் முன்பே ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். மூன்றாவது, வலு. ஆப்பிள் விற்கும் சின்ன டாங்கிள் 1 வோல்ட் தருகிறது. சிடியின் நுணுக்கத்தைக் குறையில்லாமல் கடத்துகிறது. ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி வோல்ட்தான். தாழ்ந்த அளவில் பதிவான பழைய கச்சேரியை 300 ஓம் ஹெட்ஃபோனில் கேட்க அது போதாமல் போகலாம். அப்போது ஆம்ப் வாங்குவது நியாயமான செலவு. எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் லேப்டாப்பைச் செருகி, அதிலிருந்து ஆம்ப்புக்கு வயர் இழுத்தால் எழும் ரீங்காரமும் உண்மையான ஒலிதான். அதற்கு மருந்து எலெக்ட்ரீஷியனிடம் இருக்கிறது.

சிப்பிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. இடைத்துண்டுகளை நிரப்பாமல் சிடியின் எண்களை அப்படியே படிக்கட்டாக வெளியிடும் சில டிஏசிகளை வேண்டுமென்றே செய்து விற்கிறார்கள். அவற்றில் 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேல் குறையும். இளங்காதுக்கு அது தெரியக்கூடும். அது சிப்பின் குணம் என்பதைவிட, செய்தவரின் தீர்மானம்.

சிப்பைச் சுற்றியுள்ள சர்க்யூட்டைச் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். 2020 அக்டோபரில் ஜப்பானில் நொபேயோகா ஊரிலுள்ள ஏகேஎம் ஆலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் உலகெங்கும் ஆடியோ நிறுவனங்கள் தவித்தன. பல பெட்டிகளுக்குள் ஏகேஎம் போய் இஎஸ்எஸ் வந்தது. ஜெர்மனியின் ஆர்எம்ஈ கூடத் தன் ஏடிஐ-2 டிஏசியில் அப்படி மாற்றியது, பெட்டி அதே பெயரில் தொடர்ந்தது. சிப்தான் ஒலியின் ஆன்மா என்றால் அதே பெயரில் விற்றிருக்க முடியாது.

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எதைக் கேட்பதற்காக இவ்வளவும் செய்கிறோம் என்பது பேச்சிலிருந்தே விலகிப் போவது. தமிழ் ரசிகர்கள் உயிராக மதிக்கும் பதிவுகள் எவை? 78 சுற்று இசைத்தட்டுகள். ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம்தான். இரைச்சலுக்கு மேலே 40, 50 டெசிபல் கிடைத்தால் அதிகம். வானொலியிலிருந்து யாரோ ஸ்பூல் டேப்பில் பிடித்த கச்சேரிகள். மத்திய அலையில் வந்ததென்றால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. பிறகு கேசட். அதன் இரைச்சல் இடைவெளியும் 50, 55தான். இந்தப் பதிவுகளுக்கு 16 பிட்டே பெரிய பாத்திரம். அதில் 120 டெசிபல் சிப்பைத் தேடுவதில் பயன் கிடையாது.

அதே பதிவு வேறு வெளியீட்டில் வேறாகக் கேட்பது மட்டும் முழு உண்மை. இரைச்சலை நீக்குகிறேன் என்று ஒருவர் வயலினின் மேல் ஸ்வரங்களையும் சேர்த்துச் சுரண்டியிருப்பார். இன்னொருவர் தட்டின் வேகத்தைச் சரிபார்க்காமல் அரைக் கட்டை சுருதியை ஏற்றிவிட்டிருப்பார். வேறொருவர் எல்லாவற்றையும் ஒரே உரப்புக்கு நசுக்கியிருப்பார். மேயரும் மொரானும்கூட உயர்தரத் தட்டுகள் பல இனிமையாக இருந்ததை ஒப்புக்கொண்டு, அதற்குக் காரணம் பதிவைச் செப்பனிட்டவர்களின் அக்கறை என்றுதான் எழுதினார்கள். ஒரு லட்சம் ரூபாய்ப் பெட்டி தராத வித்தியாசத்தை, நல்ல தட்டிலிருந்து பொறுமையாக மாற்றிய ஒரு பிரதி தந்துவிடும். ஹெட்ஃபோனும் அப்படித்தான். இரண்டு ஹெட்ஃபோன்களுக்குள் 5, 10 டெசிபல் ஏற்ற இறக்கம் சாதாரணம். தலையில் சற்று நகர்த்தி வைத்தாலே மேல் ஸ்வரங்கள் மாறிவிடும். காசைப் போடும் இடம் அது.

அவசரச் சோதனையில் பதற்றம் வரும், மாதக்கணக்கில் கேட்டால்தான் வித்தியாசம் புலப்படும் என்று ஒரு மறுப்பு உண்டு. மதிக்க வேண்டிய மறுப்பு. ஆனால் அதே பதற்றத்தில், அதே ஸ்விட்சில், அதே ஆள் மட்டமான எம்பி3யைக் கண்டுபிடிக்கிறார். கால் டெசிபல் அளவு வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கிறார். சிப் வரும்போது மட்டும் காது ஏன் ஓடி ஒளிய வேண்டும்? இன்னொன்று, ‘என் நண்பர் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார்’ என்ற சாட்சி. 100 பேர் ஆளுக்குப் பத்து முறை கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும், அவர்களில் ஒருவராவது ஒன்பதோ பத்தோ வாங்கிவிட மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. அந்த ஒருவரின் கதைதான் ஊரெல்லாம் பரவும். மற்ற 99 பேர் பேசமாட்டார்கள்.

ரசிகரின் சொல்லுக்கு நம் சங்கீத உலகில் இன்னும் இடம் இருக்கிறது. சபா செயலாளரும் கேட்பார், வித்வானும் கேட்பார். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லிப் பழகினால் அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கும். பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைவிட எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. முதல் சம்பளத்தில் கடன் சேர்த்து டிஏசி வாங்கத் துடிக்கும் இளைஞர்களிடம் நாம் சொல்லும் சொல்லும் அதில் அடக்கம்.

வாங்கும் முன் ஒரு மாலையை ஒதுக்குங்கள். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டு பெட்டிகளின் வோல்ட்டையும் ஹெட்ஃபோன் மாட்டிய நிலையில் 1 சதவீதத்துக்குள் சமன் செய்யுங்கள். வீட்டில் ஒருவரை வேறு அறையிலிருந்து காசு சுண்டி மாற்றச் சொல்லுங்கள். அவர் முகம்கூட உங்களுக்குத் தெரிய வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையை வைத்து 16 முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் விடையை எழுதுங்கள். வெறும் ஊகத்தில் 12 சரியாக வருவது நூற்றில் நான்கு தடவைக்கும் குறைவு. 12 வந்தால் மறுநாளும் செய்யுங்கள். மறுநாளும் வந்தால் அந்த இரண்டு பெட்டிகளுக்குள் கேட்கக்கூடிய வித்தியாசம் இருக்கிறது, அதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதன் பிறகு நீங்கள் சொல்வதை நான் முழுதாக நம்புவேன்.